நத்தாரும் காத்திருப்பும்

கிறிஸ்தவர்களின் வழிபாட்டு ஆண்டு ஜனவரி முதலாந் திகதியில் பிறப்பதில்லை. நவெம்பர் 27க்கும் டிசெம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் அது தொடங்குகிறது. அன்று முதல் நத்தார் வரையுள்ள நான்கு ஞாயிறுகளைக் கொண்ட பகுதியே திருவருகைக் காலம் எனப்படும். குருவானவர் ஊதாநிற உடை தரிப்பார். ஞாயிறு வழிபாட்டில் வழக்கமாகப் பாடப்பெறும் வானவர் கீதம் நத்தார் இரவுக்கென நிறுத்தி வைக்கப்படும். பச்சை இலை வளையமொன்றிலே ஞாயிற்றுக்கு ஒன்றாக மெழுகுதிரிகள் ஏற்றப்படும். விழாவுக்கு முன்னர் ஒரு நோன்பு. ஒளிக்கு முன்னர் ஓர் இருள். இதுவே அக்காலத்தின் அமைப்பு.

கண்டி நகரிலே இக்காலத்தை நமக்கு முதலில் அறிவிப்பவை தேவாலயங்கள் அல்ல, கடைகளே. தலதா வீதியில் விலைக்குறைப்புப் பலகைகள் தொங்கத் தொடங்கியதும் நத்தார் வந்துவிட்டதென்று நாம் அறிந்துகொள்கிறோம். காத்திருக்க வேண்டிய நான்கு வாரங்கள் வாங்க வேண்டிய நான்கு வாரங்களாகிவிட்டன. இவ்வாறு குறைகூறுவது இப்போது தேவாலயப் பிரசங்கங்களிலும் வழக்கமாகிவிட்டது. அதனைத் திரும்பச் சொல்வது நம் நோக்கமன்று. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. காத்திருத்தல் என்பதன் பொருள் என்ன? யார் யாருக்காகக் காத்திருப்பது? காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது எது?

இவ்விதழின் வாசகரிற் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர், மதநம்பிக்கையற்றோரும் பலர். அவர்களுக்கு இக்கேள்வி எதற்கு என்று கேட்கலாம். மலைநாட்டில் வாழும் நமக்கு இக்கேள்வி மிக நெருங்கியது. இரு நூற்றாண்டுகளாகத் தோட்டத் தொழிலாளிக்குப் போதிக்கப்பட்ட அறம் ஒன்றே ஒன்றுதான்: பொறுத்திரு, காத்திரு. துரை சொன்னார், கங்காணி சொன்னார், பின்னர் அரசியல்வாதி சொன்னார், கோயிலிலும் சொல்லப்பட்டது. ஆகவே, ஒரு பெருஞ்சமயம் தன் ஆண்டின் முதற் பகுதியையே காத்திருப்புக்கென ஒதுக்கியிருக்கிறதெனில், அக்காத்திருப்பு எவ்வகையைச் சார்ந்தது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் மூலநூல்களை நோக்குவோம். திருவருகைக் காலத்தில் வாசிக்கப்படும் வேதப் பகுதிகள் மனிதரை உறங்கவைப்பன அல்ல. முதல் ஞாயிற்றின் வாசகங்கள் விழித்திருக்குமாறு எச்சரிக்கின்றன. இரண்டாம் ஞாயிற்றிலே ஏசாயா தீர்க்கதரிசியின் குரல் ஒலிக்கிறது. பள்ளத்தை நிரப்பி, மேட்டைத் தாழ்த்தி, வருபவருக்குப் பாதை அமைக்குமாறு அது பணிக்கிறது. பாதை வெட்டுதல் கூலியாளின் வேலை. கண்டிச் சீமையின் மலைகளை வெட்டி, 1867இல் இந்நகரை வந்தெட்டிய இரயில் பாதையை இட்டவர்களின் சந்ததியாருக்கு அவ்வுவமையை விளக்கிக் கூற வேண்டியதில்லை. தீர்க்கதரிசி கூறும் காத்திருப்பு, கையில் மண்வெட்டியுடைய காத்திருப்பாகும்.

அடுத்து வருபவர் ஸ்நாபக யோவான். அவரிடம் மக்கள் வந்து, நாங்கள் செய்ய வேண்டியது என்னவென்று வினவுகின்றனர். வானத்தைப் பார்த்து நில்லுங்கள் என்று அவர் கூறவில்லை. இரண்டு உடை உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும். வரி தண்டுவோன் விதித்ததற்கு மேல் வாங்கலாகாது. போர்வீரன் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கலாகாது என்று, கேட்டவரின் தொழிலுக்கேற்ப விடை கூறுகின்றார். ஆன்மிகம் இங்கே பொருளாதாரத்தின் மொழியிலேயே பேசுகிறது. இவ்வாறு பேசிய யோவான் சிறைப்பட்டார், பின்னர் கொல்லப்பட்டார். சிறையிலிருந்தபடி, வரவேண்டியவர் நீர்தாமோ, இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமோ என்று இயேசுவிடம் அவர் ஆளனுப்பிக் கேட்ட நிகழ்ச்சியும் இக்காலத்து வாசகங்களுள் ஒன்று. ஐயுறுவோனுக்கும் இக்காலத்தில் இடமுண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவதாக, லூக்கா தம் முதலாம் அதிகாரத்திலே மரியாளின் வாயில் வைத்த பாடலைக் கூற வேண்டும். நாடோறும் மாலை வழிபாட்டில் அது பாடப்படுகிறது. பசித்தவர் நிறைவு பெறுதலும், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுதலும், ஆள்வோர் ஆசனம் இழத்தலும் அதன் பொருள். கருவுற்ற ஓர் ஏழைப் பெண் பாடும் தாலாட்டு என்று இதனைக் கொள்வோர் அதன் சொற்களைக் கேளாதவரே. நூற்றாண்டுக் கணக்காகப் பாடிப் பழகியதனால் சொற்கள் தேய்ந்து இசை மட்டும் எஞ்சிவிட்டது.

பிறப்புக் கதையும் இவ்வாறே. அகுஸ்து இராயனின் கட்டளைப்படி நடந்த குடிக்கணக்கெடுப்பிலே லூக்கா அதனைத் தொடங்குகிறார். அக்கணக்கெடுப்பின் காலம்பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதையை ஏன் அங்கே தொடங்கினார் என்பதே இலக்கிய மாணவராகிய நமக்குரிய வினா. ஓர் ஏகாதிபத்தியம் தன் குடிகளைப் பேரேட்டில் பதிய ஆணையிடுகிறது, நிறைமாதக் கர்ப்பிணி ஊர்விட்டு ஊர் செல்கிறாள், தங்க இடமில்லை, குழந்தை தீவனத் தொட்டியிற் கிடத்தப்படுகிறது. செய்தியை முதலிற் கேட்போர் இராக்காவல் வேலையிலிருந்த இடையர். மத்தேயுவோ, ஏரோதின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையுடன் எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பத்தைக் காட்டுகிறார். பேரேடு, இடமின்மை, இராவேலை, நாடுகடத்தல் ஆகிய இவற்றை நீக்கிவிட்டால் நத்தார்க் கதையில் மிஞ்சுவது ஒரு விண்மீனும் சில செம்மறிக் குட்டிகளுமே.

கண்டியின் வரலாற்றிலே இக்கதை ஒருமுறை உயிரோடு நடமாடியது. கோவையைச் சேர்ந்த—இது கொங்கணக் கரையிலுள்ள கோவா—யோசப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. நத்தார் வழிபாட்டுக்கு யாழ்ப்பாணத்திற் கூடியவர்களை அவர்கள் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தனர். வாஸ் அடிகளார் தப்பினார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஐயுறப்பட்டு இங்கும் காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்தவாறே சிங்களம் பயின்றார். சிறுகுடில் ஒன்றைக் கோயிலாக்கினார். 1697இல் நகரில் அம்மைநோய் பரவிப் பலர் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சாதி சமயம் பாராது அவர்களைப் பேணினார். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் பாதுகாப்பளித்தான். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். 2015இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

வாஸ் அடிகளாரின் பெருமையை நாம் அற்புதங்களிலே தேடவில்லை. படைபலமும் பணபலமும் இன்றி, ஆள்பவனின் சமயத்தைச் சாராது, கூலியாளின் உடையிலே ஒருவர் வந்தார். வருகை என்னும் சொல்லுக்கு அவர் வாழ்வு தந்த உரை இது. அடுத்த நூற்றாண்டிலே அதே சமயம் இன்னோர் உடையில் வந்தது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. தலதா மாளிகையின் அருகிலேயே, அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், செங்கல்லாலான புனித பவுல் ஆலயம் எழுந்தது. இரு ஆலயங்களும் இன்று அண்டை அயலாக அமைதியுடன் நிற்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஆளவந்தவனின் கோயிலாக வந்ததற்கும் கூலியாளின் குடிலாக வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வரலாறு மறைப்பதற்கில்லை.

அக்காலத்திலேயே தோட்டங்கள் பெருகின. 1820களில் கம்பளைப் பகுதியிற் கோப்பி பயிரிடப்பட்டது. 1867இல் ஹேவாஹெட்டவின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தலைமன்னாரிலிருந்து காடுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே மடிந்தோர் பலர். இவர்களிடையே சமயப்பணி புரியவென 1854இல் தமிழ்க் கூலி மிஷன் கண்டியை மையமாகக்கொண்டு தோன்றியது. அதன் பெயரே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எழுத்தறிவையும் மருந்தையும் அது கொணர்ந்தது. அதற்கு நன்றி கூறுவது முறை. ஆனால் தோட்டத் துரைமாரின் நன்கொடையிலும் அது தங்கியிருந்தது. துரையின் பணத்தைப் பெற்ற போதகரால், ஆள்வோர் ஆசனம் இழப்பர் என்ற மரியாளின் பாடலைப் பிரட்டுக்களத்திலே விளக்கியிருக்க முடியுமா? பொறுமையைப் போதிப்பதே இயல்பாயிருந்திருக்கும். இவ்விடத்திலேதான் திருவருகைக் காலத்தின் காத்திருப்பு, கூலிமுறையின் காத்திருப்பாக மாற்றப்பட்டது என்பது நம் கருத்து.

இத்தொழிலாளர் தமிழகத்திலிருந்து வந்தவராதலின், தமிழ் இலக்கியம் இக்கதையை எவ்வாறு ஏற்றது என்பதையும் நோக்க வேண்டும். 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி ஒரு தச்சனைக் காப்பியத் தலைவனாக்கியது. தமிழ்க் காப்பிய மரபில் இது பெரும் புதுமை. ஆயினும் மரபின் இழுவை வலிது. தாவீதரசனின் குலத்தவன் என்ற பெருமையோடேதான் அத்தச்சன் நமக்கு அறிமுகமாகிறான். உழைக்கும் கையினும் அரசகுருதியே அங்கு மேலோங்குகிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி நம் பொருளுக்கு மிக அண்மையது. குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவமே காத்திருப்பின் வடிவமாகும். உலா வந்த தலைவனைக் கண்டு தலைவி ஏங்குவாள். மலையிலிருந்து குறத்தி வருவாள். கைபார்த்து, தலைவன் வருவான் என்று குறி சொல்வாள். சாஸ்திரியார் பெத்லகேம் நாதரைத் தலைவராகவும், திருச்சபையைத் தலைவியாகவும், விசுவாசத்தைக் குறத்தியாகவும், வேதம் போதிப்போரை வலைவீசிப் பறவை பிடிக்கும் சிங்கனாகவும் அமைத்தார். மேனாட்டுச் சமயக் கருத்தொன்று தமிழ் மண்ணின் ஆடல் பாடலிலே இத்துணை இயல்பாகப் பொருந்தியது வியப்புக்குரியது. காத்திருப்போளுக்கு நற்செய்தி கொண்டுவருபவள் அரண்மனையைச் சார்ந்தவளல்லள், மலைவாழ் ஏழைப்பெண். லூக்காவின் இடையரும் இக்குறத்தியும் ஒரே வரிசையில் நிற்கத் தக்கவர்கள்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாது விடுவதற்கில்லை. குறத்தி விசுவாசம் என்னும் கருத்தின் உருவகமாகியதும், அவளுடைய பசியும் கூடையும் கருத்தினுள் மறைந்துவிடுகின்றன. அவளை நாம் விசுவாசமாகப் போற்றுகிறோம். குறத்தியாகக் காண மறக்கிறோம். கவிஞரின் வாழ்விலும் இம்மறதி வெளிப்பட்டது. 1820களில் புதிய மிஷனரிமார் தஞ்சைத் திருச்சபையிற் சாதிவாரியான இருக்கை வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் அதனை எதிர்த்தார். சாதி வழக்கங்களைக் காக்க எழுதவும் செய்தார். பாட்டிலே குறத்திக்கு உயர்ந்த ஆசனமளித்தவர், தேவாலயத்திலே தாழ்த்தப்பட்டோர் தம்முடன் அமர்வதை ஏற்கவில்லை. அவருடைய கலைத்திறனை இது குறைப்பதில்லை. ஆனால், வாழ்விலிருந்து பிரிந்த உருவகம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு மாறான ஒரு முயற்சியைக் கண்டியிலேயே காணலாம். திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் 1935இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ஆசிரியரான காஸ்டர் பாதிரியார் அதனைக் கண்டிக் கட்டடக்கலை மரபிலே, செதுக்கிய கற்றூண்களும் திறந்த பக்கங்களும் உடையதாக வரைந்தமைத்தார். கோதிக் கோபுரம் இல்லாமலும் கிறிஸ்துவுக்குக் கோயில் அமையலாம் என்று அக்கட்டடம் கூறுகிறது. அதன் சுவர்களில் டேவிட் பெயின்டர் தீட்டிய ஓவியங்கள் நான்கும் புகழ்பெற்றவை. அவற்றிலே கிறிஸ்து தாடியற்ற இளைஞராய், நம் நாட்டவரின் நிறத்தவராய்த் தோன்றுகிறார். சிலுவைக் காட்சியின் பின்னணி எருசலேமின் குன்றன்று. கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலம்.

அந்நான்கினுள் பிறப்புக் காட்சி இல்லை. பதவியாசனம் கேட்டுவந்த இரு சீடரை நோக்கி உங்களால் இயலுமா என்று வினவுதல், அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியன் உதவுதல், சீடரின் கால்களைக் கழுவுதல், சிலுவையில் இறத்தல் ஆகியனவே பொருள்கள். எனினும் நத்தாரின் உட்பொருளை எந்தப் பாலன் குடிலினும் தெளிவாக இவை காட்டுகின்றன என்று நாம் துணிந்து கூறுவோம். கடவுள் மனிதனாதல் என்பது மேலிருந்தவர் கீழிறங்கிக் கால் கழுவுதலே எனில், நத்தாருக்கு வேறு படம் வேண்டா. நாட்டை ஆளப்போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பயின்ற கல்லூரியிலே, ஆசனத்தைப் பற்றிய அவ்வினா சுவரிலிருந்து கேட்கப்படுவதும் பொருத்தமே. ஆனால் அவ்வினாவின் மறுபாதி அச்சுவர்களுக்கு வெளியே, லயக் காம்பராக்களிலே இருந்தது.

1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அகுஸ்து இராயன் தன் பேரேட்டிலே எழுதுமாறு மக்களை அலைத்தான். சுதந்திர இலங்கை தன் பேரேட்டிலிருந்து மக்களை நீக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைக் கணக்காகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. குடும்பங்கள் பிளவுண்டன. நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு! இக்காலமெல்லாம் ஆண்டுதோறும் டிசெம்பரில் பாலன் குடில்கள் கட்டப்பட்டன. இடமின்றி அலைந்த குடும்பத்தின் கதை பாடப்பட்டது. அக்கதை தம் அயலிலேயே நடக்கிறதென்று உணர்ந்தோர் சிலரே.

அச்சிலரை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியிலே சத்தியோதய என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து தோட்ட மக்களின் வாழ்வை ஆராயவும் அவர்களுக்காகக் குரலெழுப்பவும் அது களமாயிற்று. அவ்வாண்டு வரை கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்காரவும் இச்சிந்தனைக்குத் துணைநின்றவர். 1983இன் ஆடிக் கலவரத்தின் பின்னர், கண்டியையும் உள்ளடக்கிய குருணாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவராகிய தாமும் தம் மக்களும் வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் மறைந்தார். ஊதாநிற உடையின் பொருள் மனந்திரும்புதல் எனில், அதனை மெய்யாக அணிந்தவர் அவர்.

இடதுசாரி நண்பர்களுக்கும் ஒரு சொல். மதத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பத்தியில் அதனைத் துயருறுவோரின் ஏக்கக் குரலாகவும் கண்டார் என்பதை நாம் மறக்கலாகாது. மலையகத் தோட்டங்களிலே மார்கழி விடியலிற் பஜனை பாடிச் செல்லும் வழக்கமுண்டு. பாவை நோன்பின் பாடல்கள் உறங்குவோரை எழுப்புவன. திருவருகைக் காலமும் விழித்திரு என்றே கூறுகிறது. ஒரே மாதத்தில், ஒரே லயத்தில், இரு சமயத்து ஏழைகளும் விழிப்பைப் பற்றிப் பாடுகின்றனர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அவ்விழிப்பு எதனை நோக்கித் திரும்ப வேண்டும் என்று அவர்களோடிருந்து பேசுவது கடினம். 2023இல், மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களிடையே சமயத்தவரும் சமயஞ் சாராதோரும் ஒருங்கே நடந்தனர். முன்னோர் மடிந்த பாதையிலே மீண்டும் நடந்து உரிமை கேட்ட அந்நடை, பாதை அமைக்குமாறு பணித்த தீர்க்கதரிசிக்கு விளங்கியிருக்கும்.

ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு சிறு பணியும் உண்டு. பாடசாலைகளில் நத்தார் நாடகம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. பட்டுடுத்த அரசர் மூவர் மேடையின் நடுவிலே நிற்பர். இடையர் ஓரத்தில் ஊமையராய் அமர்ந்திருப்பர். இவ்வாண்டு இடையருக்கு வசனம் எழுதுவோம். இராவேலைக்கு என்ன கூலி என்று அவர்கள் பேசட்டும். பேரேட்டுக்காரன் மேடையில் வரட்டும். இடமில்லை என்று கூறும் சத்திரக்காரனின் நியாயங்களையும் மாணவர் கேட்கட்டும்; அவை அவர்களுக்குப் பழக்கமான நியாயங்களாகவே இருக்கும். மரியாளின் பாடலை மாணவி ஒருத்தி ஒவ்வொரு சொல்லும் விளங்குமாறு நிறுத்திப் படிக்கட்டும்.

தோட்டத் தொழிலாளியின் 1,000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல்தான் சம்பளச் சபையின் தீர்மானமாயிற்று. அதுவும் காத்திருந்து கிடைத்ததன்று, கேட்டுக் கிடைத்தது. லயங்கள் இன்னும் நிற்கின்றன. தான் வாழும் நிலத்துக்கு உறுதியில்லாத குடும்பங்கள் இன்னும் அவற்றில் வாழ்கின்றன. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்பவன் எச்சமயத்தவனாயினும் அவன் ஏரோதின் ஆள். வருபவருக்குப் பாதை வெட்டிக்கொண்டு காத்திருப்போர் எச்சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும், நத்தாரின் பொருளை அறிந்தவர்களாவர்.